அந்தக் கரகரப்பு யாருடையது?

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணி. காந்திபுரத்தில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்குள் ஒருவர் நுழைந்தார். கையில் ஒரு சீப்பு நேந்திரம்பழம். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது.

"ஏனுங் மேடம்... அந்த மெஷின் எங்கீங்க?"

"எந்த மெஷினுங்க?"

"அந்த சவுண்டு மெஷினுங்க. தொண்டாமுத்தூர் கல்யாணத்துல வாசிச்சாங்கல்ல... அதுதானுங்க."

"அது மெஷினே இல்லீங்க. பத்திரிகையோட இலவசமா வந்த சி.டி.யில ரெண்டு சாஃப்ட்வேர் இருந்துச்சு. இதோ, இந்தக் கம்ப்யூட்டர்லதான் போட்டிருக்கோம்."

அவர் சிரித்தார். குழந்தை பொய் சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. பழத்தை மேஜையில் வைத்தார்.

"செரிங் மேடம். சார் இல்லீங்களா? நான் சார்கிட்டயே பேசிக்கிறனுங்க."

எந்த சார்?

எங்கள் வீட்டில் ஒரு சார் இருக்கிறார். பேங்கில் வேலை. தங்கமான மனிதர். கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணுங்கள் என்றால் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு 'ஆச்சு' என்பார். அவரிடம் போய் இவர் என்ன பேசுவார்?

போன வாரம் இந்தப் பத்தியில் கேஸ் சிலிண்டர் பற்றி எழுதியதற்கு ஏகப்பட்ட கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த வாரம் பதில் எழுதுவதாக இருந்தேன். மன்னியுங்கள். இந்த வாரம் எனக்குக் கோபம். கோபத்தை ஆறப்போட்டு எழுதினால் நாகரிகமாக இருக்கும் என்று வீட்டு சார் சொன்னார். ஆறப்போடுவதாக இல்லை.

வந்தவர் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா ஓனர். குமரேசன் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. ஆனால் கொங்கு நாட்டில் கல்யாண ரிசப்ஷனுக்கும் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கும் போகிறவர்கள் நாலு வரி படித்தாலே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஏனென்றால் அந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஓர் அடையாளம் உண்டு. பாட்டு சூடு பிடிக்கும்போது தவில் ஒன்று கரகரவென்று இறங்கும். மண் ரோட்டில் ஜல்லி லாரி கவிழ்த்த மாதிரி ஒரு சத்தம். அதன் தலைமேல் பத்து ஆம்பிளைகள் சேர்ந்து கத்துகிற மாதிரி ஒரு "ஹோய்!"

அந்த ஹோய் வந்ததும் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள். ஐஸ்காரர் மணி அடிப்பதை நிறுத்திவிடுவார். நானே பார்த்திருக்கிறேன்.

மேடையில் தவில்காரர் கிடையாது. பத்து ஆம்பிளைகளும் கிடையாது. ஓரமாக ஒரு பழைய கீபோர்டு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பேர் ராதாமணி.

ராதாமணிக்கு முப்பத்தெட்டு வயது. பீளமேட்டில் வீடு. கணவர் ஃபவுண்டரியில் வேலை செய்கிறார். எங்கள் சென்டர் வெறும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்த காலத்தில் என்னிடம் ஹையர் பாஸ் செய்தவள். பள்ளிக்கூட பஜனையில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்த விரல். டைப்ரைட்டரிலும் அதே தாளத்தோடுதான் அடிப்பாள். பதினோரு வருடங்களுக்கு முன்னால் குமரேசனின் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தாள்.

அவள் வாசித்த அந்தப் பெட்டிக்கு சாம்ப்ளர் என்று பெயர். டேப் ரெக்கார்டருக்கும் கீபோர்டுக்கும் கல்யாணம் செய்துவைத்த மாதிரி. எந்தச் சத்தத்தையும் அதற்குள் பதிவு செய்யலாம். பிறகு அதே சத்தத்தைக் கட்டைகளில் மேலும் கீழுமாக வாசிக்கலாம். குமரேசன் அதை சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அப்போதே அது பழசு. சில விநாடிச் சத்தம் போட்டாலே வயிறு நிறைந்துவிடும். ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் ஃப்ளாப்பியைச் சொருகி, அது கர்ர்... கர்ர்... என்று யோசிக்கும்வரை கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன சத்தம் போடுவது என்று குமரேசனுக்குத் தெரியாது. யோசித்தது ராதாமணி. பேரூரில் மாரிமுத்து என்ற தவில்காரர் வீட்டுக்கு ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய், தனித்தனி அடியாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு வந்தது ராதாமணி. அந்த ஹோய்க்கு ஆள் கிடைக்காமல், தன் வீட்டுக் குளியலறையில் நின்றுகொண்டு தானே கத்திப் பதிவு செய்ததும் ராதாமணிதான்.

ஆமாம். அந்தப் பத்து ஆம்பிளைகளும் அவள் ஒருத்திதான்! கீழ்க்கட்டையில் வாசித்தால் சத்தம் கனத்து, ஆம்பிளைக் குரலாகிவிடும். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் கூட்டமாகிவிடும். பதினோரு வருடமாக ஈரோடு, தாராபுரம், பொள்ளாச்சி என்று ஊர் ஊராக ஜனங்களை எழுப்பி உட்கார வைத்தது பீளமேட்டுக் குளியலறைக் குரல்.

நோட்டீஸில் அவள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. 'சிங்கப்பூர் சவுண்டு மெஷினுடன்' என்று வரும்.

இந்த வருஷம் தை மாதம் உடுமலையில் ஒரு கச்சேரி. ஜெனரேட்டரில் கரண்ட் தாறுமாறாக ஏறியது. பெட்டியிலிருந்து புகை வந்தது. அவ்வளவுதான். எந்த மோட்டாரையும் பிரித்து மாட்டி ஓட வைக்கிற ஊர் நம்முடையது. ஆனால் அந்தப் பெட்டியைப் பிரித்த மூன்று பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். உள்ளே இருக்கும் சில்லு உலகத்திலேயே இப்போது தயாரிக்கப்படுவதில்லை என்றார்கள்.

குமரேசன் புத்தம்புது கீபோர்டு வாங்கினார். அதில் நூற்றுக்கணக்கான சத்தங்கள். எல்லாம் சுத்தம். கண்ணாடி துடைத்துவைத்த மாதிரி சுத்தம். தவில் இருந்தது, கும்பல் குரல் இருந்தது. ஆனால் அவிநாசி மேடையில் ராதாமணி அதை வாசித்தபோது ஒருவரும் எழுந்து உட்காரவில்லை. முன்வரிசையிலிருந்து ஒருவர் சத்தமாகவே கேட்டாராம்:

"ஏனுங்க, தவுலு என்னங்க தகர டப்பாவாட்டம் கேக்குது?"

விழாக் கமிட்டியும் குறை சொன்னது. குமரேசன் என்ன செய்தார்? புதுப் பெட்டியைக் குறை சொல்லவில்லை. அது புதுசாயிற்றே! வேனில் ஏறும்போது ராதாமணியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அம்மணி, உனக்குக் கை எளகிப்போச்சு. முன்னாடி மாதிரி அடி உழுகறதில்லை. கொஞ்ச நாளைக்கு ஊட்லயே இரு. மெட்ராஸ்ல இருந்து ஒரு பையனை வரச் சொல்லியிருக்கறேன்."

மறுநாள் மத்தியானம் ராதாமணி என்னிடம் வந்தாள். அழவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு ஒன்று சொன்னாள்.

"அக்கா, நல்லா இருந்தவரைக்கும் மெஷினுன்னாங்க. கெட்டுப்போனதீம் ராதாமணிங்கறாங்க."

நான் அன்றைக்குத் தூங்கவில்லை.

இது ஆர்க்கெஸ்ட்ராவில் மட்டுமா நடக்கிறது? நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிரைண்டர் இருக்கிறது. இட்லி பூவாக வந்தால் என்ன சொல்வார்கள்? "நல்ல கிரைண்டருங்க, எந்தக் கடையில வாங்குனீங்க?" கல்லாக வந்தால்? "மாவாட்டுனவளுக்குப் பதம் தெரியலை." பதம் பார்க்கிற கை ஒன்று இருக்கிறது என்பதே இட்லி கல்லாகிற அன்றைக்குத்தான் ஞாபகம் வரும். சமையலறையில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனதால்தானே, வெளியிலும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறோம்?

சரி, கதைக்கு வருகிறேன்.

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்த ராதாமணி, மூலையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அக்கா, இதுல சத்தம் பதிவு பண்ண முடியுமுங்களா?"

முடியும். குழந்தைகளுக்கு மல்டிமீடியா வகுப்பு எடுப்பதற்காக ஒரு சவுண்ட் கார்டு போட்டிருந்தேன். ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நிற்பதற்குள் உருப்படியாக ஏதாவது செய்வோமே என்று தோன்றியது. அலமாரியில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வந்த இலவச சி.டி.க்கள் கிடந்தன. டீ டம்ளர் வைக்க உபயோகித்துக்கொண்டிருந்தேன். துடைத்துப் போட்டுப் பார்த்ததில், ஒன்றில் சத்தத்தை வெட்டி ஒட்டுகிற ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. இன்னொன்றில் இசையமைக்கிற ஒரு புரோகிராம். அதில் கம்ப்யூட்டர் கீபோர்டின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சுரம்.

ராதாமணி மறுநாளே ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய கேஸட்டுகள். மேலே பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது: 'மாரிமுத்தண்ணன் – தவில்'. 'நான் – ஹோய்'.

மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றரை வரை சென்டரில் வகுப்பு கிடையாது. அந்த நேரத்தை அவளுக்குக் கொடுத்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவோம். கேஸட்டிலிருந்து தவிலைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினோம். வாசித்தோம். நல்ல தவில். ஆனால் அந்தத் தவில் இல்லை. அந்தப் பழைய பெட்டி என்னவோ செய்திருக்கிறது. என்ன செய்தது?

எனக்குத் தெரிந்த அளவில் யோசித்தேன். பழைய பெட்டிகள் சத்தத்தைக் கொஞ்சமாகத்தான் அளந்து வைத்துக்கொள்ளும். நல்ல போட்டோவுக்கும் பேப்பரில் அச்சாகும் புள்ளிப் புள்ளிப் படத்துக்கும் உள்ள வித்தியாசம். சாஃப்ட்வேரில் தரத்தைக் குறைக்க வசதி இருந்தது. பதினாறு பிட் என்று இருந்ததை எட்டு பிட் ஆக்கினேன்.

ராதாமணி முகத்தைச் சுளித்தாள். "கடுகு பொரியுதுக்கா."

உண்மைதான். தவில் அப்படியே இருந்தது, பின்னால் இரைச்சல் மட்டும் சேர்ந்திருந்தது. இன்னும் குறைத்தேன். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஆனது. ஒரு வாரம் இப்படியே போனது. எனக்குச் சலித்துவிட்டது. 'அந்தப் பெட்டிக்குள் என்னவோ மந்திரம் இருந்திருக்கிறது, விட்டுவிடு' என்று நானே சொல்லிவிட்டேன். பாருங்கள்... நானும் குமரேசன் கட்சியில் சேர்ந்துவிட்டேன்!

ராதாமணி செருப்புப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்:

"அக்கா, இதுல கேஸட்டை வேகமா ஓட்ட முடியுமுங்களா?"

"எதுக்கு?"

"அந்தப் பெட்டியில எடம் பத்தாதுங்க்கா. எல்லாச் சத்தமும் புடிக்காது. அதுக்கோசரம் என்ற டபுள் டெக்குல ஹை ஸ்பீடு டப்பிங் போட்டு, வேகமா ஓட உட்டு ஏத்துவேன். தவுலு கீச்சு கீச்சுன்னு ஏறும். பாதி எடம்தான் புடிக்கும். அப்புறமேட்டு கீழ்க்கட்டையில வாசிச்சா பழையபடிக்கு வந்துரும்."

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். "இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே!"

சாஃப்ட்வேரில் தவிலை இரண்டு மடங்கு வேகமாக்கினோம். எலி கத்துவதுபோல் ஆனது. அதைத் தரம் குறைத்துச் சேமித்தோம். பிறகு மறுபடி பாதி வேகத்துக்கு இழுத்தோம். இழுக்கும்போது ஏற்கனவே இருந்த ஓட்டைகளெல்லாம் பெரிதாகின. வாசித்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கிட்டத்தட்ட வந்துவிட்டது.

கிட்டத்தட்ட. அதில் ஒரு வழவழப்பு இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இன்னும் நாலு நாள். தரத்தைக் குறைக்கிற இடத்தில் சின்னதாக ஒரு கட்டம், அதில் ஒரு டிக். சத்தத்தின் முரட்டு ஓரங்களைத் தேய்த்து மழுங்கடிக்கும் உதவி அது. யாருக்காவது நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சாஃப்ட்வேர் தானாகவே செய்துகொண்டிருந்தது. டிக்கை எடுத்துவிட்டேன். ராதாமணி அதோடு விடவில்லை. "வால்யூமையும் ஏத்துங்க்கா. நான் எப்பவும் மீட்டர் முள்ளு செவப்பைத் தொட்டு நிக்கிற அளவுக்கு வெச்சுத்தான் ஏத்துவேன்" என்றாள். ஏற்றினோம்.

வாசித்தாள்.

ஜல்லி லாரி கவிழ்ந்தது! பக்கத்து டெய்லர் கடைக்காரர் ஓடிவந்து, பாதி ஷட்டருக்கு அடியில் தலையை நீட்டி, "ஏனுங்க, நோம்பிங்களா?" என்று கேட்டார்.

இப்போது சொல்லுங்கள். அந்தக் கரகரப்பு யாருடையது? சிங்கப்பூர்ப் பெட்டியுடையதா? அந்தப் பெட்டி எத்தனையோ பேரிடம் எத்தனையோ ஊரில் இருந்திருக்கும். இடம் போதாத பெட்டியில் இடம் பிடிக்கத் தெரிந்ததும், முள் சிவப்பைத் தொடும் இடம் எது என்று தெரிந்ததும் யாருக்கு? வேறொரு பெட்டியில், வேறொரு முறையில், இலவசமாகக் கிடைத்ததை வைத்து, அதே சத்தத்தை வரவழைத்துவிட்டாளே! இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்த இலவச சாஃப்ட்வேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதோடு ஒரு கடிதம் மாதிரி ஒரு ஃபைல் இருந்தது. எழுதியவன் பின்லாந்துப் பக்கம். 'பணம் வேண்டாம். உங்களுக்குப் பிடித்திருந்தால் உங்கள் ஊர்ப் படம் போட்ட ஒரு போஸ்ட்கார்டு அனுப்புங்கள்' என்று எழுதி, கீழே பெயரும் விலாசமும் போட்டிருந்தான். ராதாமணிக்குத் தமிழில் சொன்னேன். அன்று மாலையே மருதமலைக் கோயில் படம் போட்ட கார்டு ஒன்று வாங்கிவந்துவிட்டாள். "உங்க பெட்டி நல்லா இருக்குதுங்க. கோயமுத்தூர் ராதாமணி" என்று அவள் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அவன் கேட்டது அவ்வளவுதான். 'இதைச் செய்தது நீ என்று எனக்குத் தெரியும்' என்று ஒரு வரி.

இதற்கிடையில் தொண்டாமுத்தூரில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் தென்னந்தோப்புக்காரர்கள். பெண்ணின் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: "என்ற மகளுக்கு அந்த ஹோய் சத்தம் வேணுமுங்க. அது இல்லீன்னா வேற பார்ட்டியைக் கூப்புட்டுக்கறோம்." மெட்ராஸ் பையனுக்கு ஹோய் வரவில்லை. குமரேசன் வேறு வழியில்லாமல் ராதாமணி வீட்டுக்கு ஆள் அனுப்பினார். "அந்தச் சத்தத்தைக் கொண்டாந்து வாசிக்கறனுங்க" என்று மட்டும் இவள் சொல்லியனுப்பினாள்.

என் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, அம்பாசடர் டாக்ஸியின் பின்சீட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்து போனேன். சாயங்காலம் ஐந்து மணி. மண்டப வாசலில் இறக்கும்போது குமரேசன் பார்த்துவிட்டார்.

"என்ன அம்மணி, கல்யாண ஊட்டுக்கு டைப் அடிக்க வந்தியா?"

வாத்தியக்காரர்கள் சிரித்தார்கள். ராதாமணியும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மேடை ஓரத்தில் மானிட்டரை வைத்து, ஒயரைச் சொருகி, ஹையர் பாஸ் செய்த விரல்களை எழுத்துகள்மேல் வைத்தாள். முதல் பாட்டு போயிற்று. இரண்டாவது பாட்டில் சரணம் முடியும் இடத்தில் தவில் இறங்கியது. மண்டபத்தில் பேச்சு நின்றது. பந்திக்கு எழுந்தவர்கள் நின்றார்கள். அப்புறம்... "ஹோய்!"

வந்திருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் திருப்பிக் கத்தியது. மாப்பிள்ளை மாலையோடு எழுந்துவிட்டார். பெண்ணின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தொடையில் தாளம் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று தெரியாது. என் கம்ப்யூட்டரை யாரும் கைதட்டிப் பாராட்டியதில்லை, அதனாலும் இருக்கலாம்.

நிகழ்ச்சி நடுவில் குமரேசன் மைக்கைப் பிடித்து வாத்தியக்காரர்களை அறிமுகம் செய்தார். கிடார் இன்னார். ரிதம் பேட் இன்னார். பாடகர்கள் இன்னார், இன்னார். ஒவ்வொருவரும் எழுந்து கும்பிட்டார்கள். மெட்ராஸ் பையனுக்கு 'இளம் புயல்' என்று பட்டமே கொடுத்தார். கடைசியாக, குரலை உயர்த்தி...

"நீங்கள் இப்போது கேட்டு ரசித்த அந்த அதிரடி இசை... வெளிநாட்டிலிருந்து நமது ஆர்க்கெஸ்ட்ராவுக்காகவே வரவழைக்கப்பட்ட... புத்தம்புதிய சவுண்டு மெஷின்!"

கைதட்டல். என் பழைய கம்ப்யூட்டருக்கு. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. 'இன்னார்' என்றுகூட இல்லை.

நான் எழுந்துவிட்டேன். மேடைக்குப் போய் என்ன செய்திருப்பேனோ, தெரியாது. ஆனால் எனக்கு முன்னால் ராதாமணி எழுந்தாள். பதினோரு வருடத்தில் மேடையில் ஒரு வார்த்தை பேசாதவள், கோரஸ் பாடுகிறவர்களின் மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"ஒரு நிமிசமுங்க. பெரியவங்கெல்லாம் மன்னிச்சுக்கோணும். இந்தத் தவுலு பேரூர் மாரிமுத்தண்ணன் அடிச்சதுங்க. அவரு இப்பவும் பேரூர்லதான் இருக்காரு."

குமரேசன் "அம்மணி, அடுத்த பாட்டு..." என்று ஆரம்பித்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அப்புறம், இந்த ஹோய்..."

மைக்கை வாயருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, சாதாரணமாக, அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி "ஹோய்" என்றாள். ஒரு பெண் குரல். பிறகு கம்ப்யூட்டர் கீபோர்டின் மேல்வரிசையில் ஓர் எழுத்தை அழுத்தினாள். அதே பெண் குரல், ஸ்பீக்கரிலிருந்து. அடுத்த எழுத்து. குரல் கொஞ்சம் இறங்கியது. அடுத்தது. இன்னும் இறங்கியது. ஒவ்வோர் எழுத்தாகக் கீழ்வரிசைக்கு வரவர, அந்தப் பெண் குரல் தடித்து, கரகரத்து, ஆம்பிளையாகி... கடைசியில் மூன்று எழுத்துகளைச் சேர்த்து அழுத்தினாள்.

"ஹோய்!"

முன்வரிசையில் பெண்ணின் அம்மா, பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டி உரக்கச் சொன்னார்: "அட, அது பொம்பளையா! அந்தப் புள்ளைதானா அது!"

அதற்குப் பிறகு வந்த கைதட்டலை நான் எழுத முயற்சி செய்யவில்லை.

ராதாமணி மைக்கை இருந்த இடத்தில் மாட்டினாள். உட்கார்ந்தாள். அடுத்த பாட்டை வாசித்தாள். டாக்ஸியில் திரும்பும்போது அவளிடம் கேட்டேன், எப்படி தைரியம் வந்தது என்று.

"கோவம்தானுங்க்கா. மாரிமுத்தண்ணன் பேரை எங்கயாவது சொல்லோணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. அவரு பேரைச் சொல்லிப்போட்டு என்ற பேரைச் சொல்லாம எப்படி உடறது?"

இந்தக் கல்யாணம் முடிந்து எட்டாம் நாள்தான் அந்த நேந்திரம்பழம் வந்தது. இத்தனையும் மேடையில் நின்று பார்த்த, கேட்ட மனிதர்தான் மேஜைக்கு அடியில் மெஷினைத் தேடினார். மெஷின் இல்லை என்றதும் சாரைத் தேடினார். கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை நம்ப முடியாத அளவுக்கு ஒரு மனிதனுக்கு என்னதான் கஷ்டம்?

"சார் எல்லாம் இல்லீங்க. உள்ளே ராதாமணி இருக்கா. கூப்புடட்டுங்களா?" என்றேன்.

அவள் தானாகவே வந்தாள். குமரேசன் குரலை இனிப்பாக்கினார். "வா கண்ணு. அன்னிக்கு நடந்ததை நான் மனசுல வெச்சுக்கலை. அடுத்த வாரம் ப்ரோக்ராமுக்கு வந்துரு."

மனசில் வைத்துக்கொள்ளவில்லையாம். யார் யாரை மன்னிப்பது? நான் வாயைத் திறப்பதற்குள் ராதாமணி பேசிவிட்டாள்.

"வாரேனுங்ணா. நோட்டீஸ்ல பேரு போடோணும். என்ற பேரு. மாரிமுத்தண்ணன் பேரு."

"அட, ஒரு மெஷினுக்கு எதுக்கு அம்மணி ரெண்டு பேரு?"

"அப்பச் செரிங்ணா. மெஷினையே வாசிக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் கொஞ்ச நேரம் என் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். அது ஒன்றும் பேசவில்லை. கிளம்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து நோட்டீஸின் ப்ரூஃப் வந்தது. 'அதிநவீன கம்ப்யூட்டர் இசை' என்று யானை சைஸ் எழுத்து. அதன் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற அளவில் ஒரு வரி. 'வாசிப்பவர்: ராதாமணி. தவில்: பேரூர் மாரிமுத்து.'

எனக்கு மறுபடி தலைக்கு ஏறியது. திருப்பி அனுப்பு என்றேன். எழுத்தைப் பெரிதாக்கச் சொல் என்றேன். ராதாமணி அந்தச் சின்ன வரியின்மேல் விரலை வைத்து இரண்டு முறை படித்தாள். "எழுத்துப் பிழை இல்லாமப் போட்டிருக்காங்க்கா. அதுவே போதுமுங்க" என்றாள். மாரிமுத்தண்ணனுக்குக் காட்டப் பேரூர் பஸ் பிடிக்க வேண்டும் என்று ஒரு பிரதியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வாசகர்கள் கவனித்திருப்பீர்கள்... ஓனர் பெயரை மாற்றினேன். ஆர்க்கெஸ்ட்ராவின் பெயரைச் சொல்லவில்லை. ராதாமணி, மாரிமுத்து இரண்டு பெயர்களையும் மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் நானும் அந்த நோட்டீஸ் அடித்தவரும் ஒன்றாகிவிடுவோம்.

ராதாமணி அவரை மன்னித்துவிட்டாள். நான் மன்னிக்கவில்லை. பத்தி எழுதுகிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?